தகட்டின் அடிப்பக்கம்

வால்பராய்சோவில் மழை
கடலிலிருந்து குறுக்காக வரும்.
குடை பிடித்தவன் ஊருக்குப் புதியவன்.
கூரை மாற்றுகிற எங்களுக்கு
மழை என்பது முன்பணம்.

கோர்தியேரா குன்றில் ஒரு வீடு.
பச்சை உரிந்து நீலம்,
நீலம் உரிந்து துரு.
நெளிதகரத்தை நெம்பித் தூக்கினால்
கீழே இன்னொரு கூரை:
உள்ளங்கை அகலத் துத்தநாகத் தகடுகள்
மீன் செதிலாய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி.
எல்லாவற்றிலும் ஆட்கள்.

"பழைய இரும்புக் கடைக்குப் போடலாம்" என்றான் நிபால்தோ.
நான் ஒன்றைச் சட்டையில் துடைத்தேன்.
எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது.
கைப்பேசியில் பிடித்துத் திருப்பினேன்.
ஓர் அமைச்சர்.
மூக்கு முதலில் வந்து சேர்ந்திருந்தது,
ஆள் பின்னால் வந்துகொண்டிருந்தார்.
மூலையில் கொசு அளவு கையெழுத்து:
இபாகாச்சே.

நூலகத்தில் கிடைத்தது இவ்வளவுதான்.
லவுரேயானோ இபாகாச்சே.
துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவரின் மகன்.
'லா போயா' நாளிதழில்
படத்துக்கு இத்தனை என்று கூலி,
மீசை இலவசம்.
மேயரைக் காதில்லாமல் வரைந்ததற்கு ஒரு வழக்கு;
மேயர் கூண்டில் ஏறித் தொப்பியைக் கழற்றிக்
காது இரண்டையும் காட்ட,
மறுநாள் காதை மட்டும் வரைந்தார்.
அதற்கு இன்னொரு வழக்கு.

பிறகு ஏழாயிரம் தாள்.
மனைவி சொய்லா கறுப்பு மை நிரப்ப,
வில்விளக்கு இடக்கண்ணைத் தின்ன,
ஒன்பது நிமிடம் படங்கள் நடந்தன.
நாட்டில் அதற்குமுன் கோடு எதுவும் நடந்ததில்லை.
பதினோராம் நாள் காவலர் வந்தார்கள்.
சுருளைக் காய்ச்சி வெள்ளி பிரித்தார்கள்.
அந்த அமைச்சரின் நடை இப்போது
யார் வீட்டுக் கரண்டியிலோ.

சுருள் இருந்தால்தானே பறிப்பீர்கள் என்று
நாளிதழின் மூலையில் வரையத் தொடங்கினார்,
ஒரு நாளுக்கு ஒரு படம்.
கூழைக்கடா ஒன்று, கரையில் ஒரு தொப்பி.
வெட்டுங்கள், அடுக்குங்கள், தைத்துக்கொள்ளுங்கள்,
கட்டைவிரலால் ஓட்டுங்கள்.
சலவைக்காரிகள் சேர்த்தார்கள்,
சுமைகூலிகள் சேர்த்தார்கள்,
ஒருநாள் தவறவிட்டவன்
பக்கத்து வீட்டில் கடன் கேட்டான்.
நாற்பதாம் நாள் கூழைக்கடா அலகைத் திறந்தது.
நாற்பத்தோராம் நாள் அச்சகத்துக்குப் பூட்டு.

திறந்த அலகோடு ஊர் காத்திருந்து, பின் மறந்தது.
அவர் இருபது வருடம்
டின் மீனுக்கு லேபிள் வரைந்தார்.
இரங்கல் செய்தி நான்கு வரி;
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

அச்சகக்காரர்களுக்குக் கடைசி மாதச் சம்பளம்
துத்தநாகமாகக் கொடுக்கப்பட்டதாம்.
தகடு அரித்தவன் வீடுதான் இது.
அமிலத்தில் கை வெந்தவனுக்கு
எது ஒழுகாது என்று தெரிந்திருக்கிறது.

மூன்று நாள் பிரித்தோம்.
சமையலறைக்கு மேலே வரிசையாய்க் கூழைக்கடாக்கள்.
ஓரத்தில் எண் கீறியிருந்தது.
எட்டு இல்லை, பத்தொன்பது இல்லை,
இருபத்தாறு ஆணி விழுந்து சிதைந்திருந்தது.
முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்று.

நிபால்தோ சுத்தியலைக் கீழே வைத்தான்.
நாற்பத்திரண்டும் இருந்தது. நாற்பத்து மூன்றும்.
யாரும் அச்சடிக்காதவை;
இந்த வீட்டு அடுப்புப் புகை மட்டும்
நூறு வருடம் அண்ணாந்து பார்த்தவை.

ஒவ்வொன்றாய்ப் படம் எடுத்தேன், திருப்பினேன்,
கோத்து ஓட்டினேன்.
தொப்பியைத்தான் விழுங்கும் என்று நினைத்தோம்.
அது தொப்பியைப் பார்க்கவே இல்லை.
கழுத்தைத் திருப்பி நேராக எங்களைப் பார்த்து,
தாளின் ஓரத்தில் வரைந்திருந்த
ஒரு கட்டைவிரலைக்
கடித்தது.

தகட்டு விளிம்பு கிழித்த என் விரலைச்
சட்டென்று உள்ளே மடக்கினேன்.
நிபால்தோ சிரித்தான்.
சாரத்தின் பலகை அதிரச் சிரித்தான்.
"இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினேன்.
மழை குறுக்காக இறங்கத் தொடங்கியிருந்தது.
வீட்டுக்காரி கீழிருந்து கத்துகிறாள்,
கூரை எங்கே என்று.