மேசைமேல் உள்ளவை

லா டிஃபான்ஸ், முப்பத்தோராவது மாடி.
இரவு பத்தரைக்கு என் அட்டைக்குத் திறக்கும் கதவு.
அட்டையில் என் பெயர் பாதிதான்,
'சிவகாமசு' என்று நின்றுவிடும்.
மீதிக்கு இடமில்லையாம்.

வேலைக்கு வந்த அன்றே எர்வே சொல்லிவிட்டான்:
மேசைமேல் உள்ள காகிதம் எதுவும் குப்பை இல்லை.
தரையில் கிடப்பதெல்லாம் குப்பை.
பதினொரு வருஷமாக
எனக்கு இந்த ஒரு சட்டம் போதுமாயிருக்கிறது.

இன்று நீள்மேசை அறை.
பதினான்கு நாற்காலி, பதின்மூன்று வெறுங்கோப்பை.
ஒன்றில் மட்டும் தேத்தண்ணி
தொடாமலே ஆறி ஏடு படர்ந்திருந்தது.
அதன் முன்னே பெயரட்டை: மதாம் தெல்மா.
அடுத்த சொல்லைப் பேனாவால் திருத்தியிருந்தது.
அவளேதான் இருக்கும்.
ஓர் எழுத்துப் பிழையை இத்தனை அழுத்தி வெட்ட
பெயருக்குச் சொந்தக்காரி வேண்டும்.

வரைபடத்தை விரித்தபடி விட்டுப் போயிருந்தார்கள்.
ஆஸ்திரேலியாவின் வடக்கு மூலை.
பச்சை முழுக்கப் 'பாதுகாக்கப்பட்ட பகுதி'
(அந்தப் பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியும்).
பச்சைக்கு நடுவே
கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாற்போல்
ஒரு வெள்ளைச் சதுரம்.
அதற்குள் யுரேனியத்தின் ஒற்றை எழுத்து.
ஓர் ஆறு பச்சைக்குள்ளிருந்து வந்து
சதுரத்தின் ஓரத்தை நனைத்துக்கொண்டு
திரும்பவும் பச்சைக்குள் போகிறது.
அங்கே ஒரு கோடு இருப்பதை
ஆற்றிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வெள்ளைச் சதுரம் எனக்குப் புதிதில்லை.
மயிலிட்டியில் எங்கள் வளவையும் கிணற்றையும்
இப்படித்தான் கோடு போட்டு எடுத்தார்கள்.
அதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர்.
உயர் பாதுகாப்பு வலயம்.
அங்கே பாதுகாப்பு முள்ளுக்கம்பிக்கு உள்ளே.
இங்கே பாதுகாப்பு சதுரத்துக்கு வெளியே.
எங்கே கீறினாலும்
நாங்கள்தான் மற்றப் பக்கம்.

தூசு உறிஞ்சும்போது
தெல்மாவின் நாற்காலியடியில் குழாய் எதையோ கவ்வியது.
எட்டாக மடித்த தாள்.
விரித்தேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்.
கீழே அவள் பெயர் அச்சில்,
இந்த முறையும் பிழையோடு.
அதன் மேலே புள்ளிக்கோடு, வெறுமையாய்.

தரையில் கிடப்பதெல்லாம் குப்பை.
நீலப் பைக்குள் போட்டேன்.

பிரதி வைத்திருப்பார்கள், தெரியும்.
நாளைக்கே இன்னொன்று அச்சடித்து
இதே மேசையில் வைப்பார்கள், வைக்கட்டும்.
சட்டம் என்னுடையதில்லை, எர்வேயுடையது.

கோப்பைகளைக் கழுவினேன், ஏட்டையும் சேர்த்து.

கீழே உடைமாற்றும் அறையில் என் இரும்புப் பெட்டி.
அதில் தம்பி அனுப்பிய படிவம்
மூன்று கிழமையாகக் கிடக்கிறது.
'அக்கா, காணிக்கு நட்டஈடு தாறாங்களாம்,
ஒப்பத்தை வச்சு அனுப்பிவிடு.'
பேனாவையும் அதன் மேலேயே வைத்திருக்கிறேன்.

பெட்டியைத் திறந்தேன்.
படிவம் தட்டில் இருந்தது.
தட்டு மேசையும் இல்லை, தரையும் இல்லை.

சப்பாத்தை மாற்றிக்கொண்டு
கடைசி ரெயிலுக்கு ஓடினேன்.