அரைக் கிலோ சோளமாவு

திரையில் பனிமேல் நடப்பவர்கள்
என் கைகளால் நடக்கிறார்கள்.
தோல்பைக்குள் அரைக் கிலோ சோளமாவு.
வாயை இறுக்கிக் கட்டி,
மைக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்துப் பிசைந்தால்
கதாநாயகி காதலனைத் தேடிப் போகிறாள்.
வேகமாய்ப் பிசைந்தால் ஓடுகிறாள்.
அவள் தயங்கும் இடத்தில்
என் கட்டைவிரலும் தயங்க வேண்டும்.

அந்தக் கிறிஸ்துமஸ் படத்தை ஆகஸ்டில் எடுத்தார்கள்,
மொன்றியாலில், பழைய துறைமுகத்தின் பின்தெருவில்.
முப்பத்திரண்டு டிகிரி.
கம்பளிக் கோட்டுக்குள் நடிகை வெந்துகொண்டிருக்க
கூரையிலிருந்து சோப்பு நுரை இறங்கியது.
ஐஸ்கிரீம் வாங்க வந்தவர்கள்
ஒழுகும் கோனை மறந்து கைபேசியைத் தூக்கினார்கள்.

ஒலிச்சேர்ப்பு ஜனவரியில்.
ஸ்டுடியோ வாசலில் அசல் பனி முழங்கால்வரை கிடந்தது.
அதையே பதிந்து கொண்டுபோனேன் ஒருநாள்:
விடிகாலை, மைனஸ் இருபது, மசோன் தெரு, என் சொந்த பூட்ஸ்.
இயக்குநர் கேட்டுவிட்டுச் சொன்னார்,
"யாரோ சிப்ஸ் தின்கிறார்கள்."
சோளமாவே ஜெயித்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
பனைமரம் வைத்த வெயில் நகரத்துக்காரர்,
பனிக்கு ஒரே குரல் என்று நினைத்துவிட்டார்.
பூஜ்ஜியத்தில் அது சொதசொத.
மைனஸ் ஐந்தில் மெத்து மெத்து.
பன்னிரண்டில் தூக்கத்தில் பல் கடிப்பதுபோல் நறநற.
இருபதுக்குக் கீழே, புதுச்செருப்பு
படியேறும் கிரீச்.
முப்பதில் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்,
காதைத் தொப்பிக்குள் விட்டுவிட்டு
ஓடிக்கொண்டிருப்பேன்.

ஓர் இரவு வேலை முடிந்து திரும்புகிறேன்,
ஆரஞ்சு விளக்கு சுழல இழுவை வண்டி
ஊளையிட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைகிறது.
பனி அள்ள வருகிறோம், காரை எடு.
வளைந்த இரும்புப் படிக்கட்டுகளின் உச்சியில்
கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
பைஜாமாமேல் பார்க்கா மாட்டிய ஆண்கள்,
ஒற்றைக் கையுறைப் பெண்கள்.
பலிபீடம், திருக்கிண்ணம், நற்கருணைப் பேழை என்று
எல்லார் வாயிலும் கோயில் சாமான்கள்.
இந்த ஊரில் கெட்டவார்த்தை அதுதான்.

மூன்றாம் வீட்டு ஒனேசிமின் கார் அசையவில்லை.
சக்கரம் சுற்றச் சுற்றத்
தனக்கே குழி தோண்டியது.
நான் ஒரு மூலையில் தோள் கொடுத்தேன்.
மறுமூலையில் முன்பின் தெரியாத ஒருவர்.
பிறகு பீட்சா கொண்டுவந்த பையன்,
பெட்டியைக் காரின் தலையில் வைத்துவிட்டு.
பிறகு நாயைக் கம்பத்தில் கட்டிய ஒரு பெண்மணி.
அங், தெ, த்ருவா.
முன்னால் ஆட்டி, பின்னால் ஆட்டி,
ஒரு தும்மலோடு விடுபட்ட கார்
பீட்சாவோடு பத்தடி போய் நின்றது.
எவரும் எவர் பெயரும் கேட்கவில்லை.
மூச்சுப்புகை விட்டபடி சிரித்துக்கொண்டு நின்றோம்,
நாயும் சேர்ந்து குரைத்தது.

அவரவர் போன பிறகு
புதுப்பனி இறங்க ஆரம்பித்தது.
ஊரின் தொண்டையைப் பஞ்சால் ஒற்றினாற்போல்
ஒரு மௌனம்.
இதைப் பிசைய எந்த மாவும் இல்லை.
படத்தில் வேண்டுமென்றால்
எங்கோ ஒரு ஃபிரிட்ஜின் ரீங்காரத்தைக்
குறைத்துக் குறைத்து ஏமாற்றுவோம்.
பதிவுக்கருவி பைக்குள்தான் இருந்தது.
எடுக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும்.
கழற்றவில்லை.

டிசம்பரில் படம் எங்கள் பேட்டைத் தியேட்டருக்கு வந்தது.
காலையெல்லாம் மண்வாரியும் கையுமாய்
பனியின் ஏழு தலைமுறையைத் திட்டியவர்கள்
சோப்பு நுரை விழுந்ததும்
"ஆ, என்ன அழகு" என்றார்கள்.
எனக்கு முன்வரிசையில் ஒனேசிம்
கைக்குட்டை தேடினார்.
அவள் நடந்தாள்.
மடியில் கிடந்த என் கட்டைவிரல் தானாய் அசைந்தது.
இருக்கைகளுக்கு அடியில்,
இருநூறு ஜோடி பூட்ஸிலிருந்து உருகிய பனி
சரிந்த தரையில்
திரையை நோக்கிச்
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.