மேல் ஸ்தாயி பற்றி ஒரு திருத்தம்

எண்பத்தாறாயிரம் ரூபாய்.
வீட்டில் எட்டாயிரத்து அறுநூறு என்று சொல்லியிருக்கிறேன்.
ஒரு பூஜ்யத்தை மறைப்பது
கிரானைட் பட்டறையில் கணக்கெழுதுபவனுக்குக்
கஷ்டமே இல்லை.

முதலில் பொருத்தம்.
முந்நூற்றெண்பது கிராம்.
வாங்கிய கத்தரிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருப்பது போலத்தான்,
பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.
மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கடியில் நுழையும் இடத்தில்
ஒரு நூல் இடைவெளி,
அது வழியாக மிருதங்கத்தின் தொப்பி ஒழுகிப் போகிறது.
கண்ணாடியைக் கழற்றினால்
தொப்பி திரும்பி வருகிறது,
சுவரிலிருந்த காலண்டர் போய்விடுகிறது.
காலண்டர் போனால் போகட்டும்.

சித்திரை மாதம் ஒத்தக்கடையில்
வெல்வெட் மெத்தையைக் காதில் வைப்பவன் பைத்தியக்காரன்.
வைத்தேன். ஃபேனையும் அணைத்தேன்.
முதுகு திறந்த வகை இது,
உள்ளே இருப்பது வெளியே போகும்,
வெளியே இருப்பது உள்ளே வரும்.
நாகசுரம் கேட்டுக்கொண்டிருந்தபோது
யானைமலைப் பக்கமிருந்து ஒரு தண்ணி லாரி
ராகத்துக்குள் ரிவர்ஸ் எடுத்தது.

ஒலி.
வீணைக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்து
கமகம் முடிந்ததும் விடுவது தெரிகிறது.
தம்புராவின் நான்கு தந்தியும்
தனித்தனியே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன.
ஒரு கச்சேரிப் பதிவில், மூன்றாவது வரிசையில்,
யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்துகிறார்.
இருபது வருடமாகக் கேட்கும் பதிவு.
அந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
மேல் ஸ்தாயி
பட்டு.
குத்தவே குத்தாது.
நோட்டில் அப்படித்தான் எழுதினேன், அடிக்கோடு போட்டு.

அண்ணன் மகள் நிறைமதி, பதினொன்றாம் வகுப்பு,
கஞ்சிரா ஓடிக்கொண்டிருந்தபோது பிடுங்கி மாட்டினாள்.
அரை நிமிடம்.
"சித்தப்பா, சில்லு ஊசி கணக்கா குத்துது.
எப்பிடி உக்காந்து கேக்குறீக?"
எந்தச் சில்லு என்றேன்.
என்னை ஒருமாதிரி பார்த்தாள்.
"அதான், இந்தா... இந்தா... இந்தா..."
ஒவ்வொரு இந்தாவுக்கும் விரலை ஆட்டினாள்.
ஹெட்ஃபோனை வாங்கி ஒரு காதில் வைத்துக்கொண்டு
விரல் ஆடுவதையே பார்த்தேன்.

அண்ணாநகரில் ஒரு கிளினிக்.
பஞ்சு ஒட்டிய சின்ன அறை.
சிவப்புக் கிண்ணம் வலது, நீலம் இடது,
இறுக்கம் அதிகம், ரப்பர் வாசனை.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார் செசிலி மேடம்.
அழுத்தினேன், அழுத்தினேன்,
பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
அடுத்தது இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன்.

தாளில் கோடு
நாலாயிரத்துக்கு வந்ததும்
கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது.
"எங்க வேலை?"
மேலூர் ரோடு, பாலிஷ் பட்டறை, பத்தொன்பது வருஷம்.
மெஷினுக்கும் என் மேசைக்கும் நடுவே கதவு உண்டு.
ஏசி ரிப்பேரானதிலிருந்து
திறந்தே கிடக்கிறது.

ஆகவே நோட்டில் ஒரு திருத்தம்:
பட்டு ஹெட்ஃபோனில் இல்லை.

விற்கவில்லை. இன்னும் ஏழு தவணை பாக்கி.
ஈக்வலைசரில் கடைசிப் புள்ளியை
ஏற்றிக்கொண்டே போனேன்.
சில்லு வந்தது,
பக்கத்து வீட்டில் யாரோ சாவிக்கொத்தை வைப்பதுபோல
மெலிசாக.
அதற்குள் சமையலறையிலிருந்து
குறைங்க, காது கூசுது என்று குரல்.
முதுகு திறந்த வகை.

திங்கட்கிழமை பட்டறையில்
சேர்ந்த வருஷம் கொடுத்த மஞ்சள் காதுமூடியை
ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன்.
விலை இருநூற்று நாற்பது, முதலாளி செலவு.
பிடி இறுக்கம். கண்ணாடிக் காம்பு இங்கேயும் இடிக்கிறது.
வியர்க்கிறது.
தொப்பி இல்லை, நடு இல்லை,
மேல் ஸ்தாயி பற்றி இனி நான் எதுவும் சொல்வதற்கில்லை.
லோடு எடுக்க வந்த தவமணி
வாயசைத்து எதையோ கேட்டார்.
பில்லை நீட்டினேன்.
அவர் கேட்டது தண்ணீர்.