வெற்று அளவீடு

அகச்சிவப்புக் கருவிக்குள் எதையும் வைக்காமல்
முதலில் ஒருமுறை அளக்க வேண்டும்.
வெறும் காற்று, வெறும் ஒளி.
அதற்குப் பெயர் பின்னணி.
பிறகு சவ்வை வைத்து அளந்து
பின்னணியைக் கழித்துவிட வேண்டும்.
மிஞ்சுவதுதான் உண்மை என்று
முதல் வாரமே சொல்லிவிட்டார் பேராசிரியர் ஃபிராஸ்.

அவரே இன்று ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்:
ஆண்டறிக்கைக்காக
உங்கள் பின்னணி பற்றி
ஆளுக்கு இரண்டு வரி,
திங்கள் காலைக்குள்.

வெள்ளி இரவு. ஷார்ஜா முழுக்க விடுமுறை.
பம்புக்கு இல்லை.
ஐம்பத்தைந்து பார் அழுத்தத்தில்
கடலை நெருக்கிக்கொண்டிருக்கிறது
தாள் கனம்கூட இல்லாத ஒரு சவ்வின் மேல்.
எழுபத்திரண்டு மணி நேரச் சோதனை,
யாராவது விழித்திருக்க வேண்டும்.
மூன்று பேர் விழித்திருக்கிறோம்;
முறை என்னவோ ஒருத்திக்குத்தான்.

லாகூர் நவ்ஃபல் ஒரு முழுப் பக்கம் அனுப்பிவிட்டான்,
எட்டாம் வகுப்புக் கட்டுரைப் பரிசு உட்பட.
அவனுக்கென்ன, தூங்குகிறான்.

இப்திஹால் எழுதுகிறாள், அழிக்கிறாள்.
அவள் பல்கலைக்கழகம் கார்த்தூமில்
இருந்தது என்பதா, இருக்கிறது என்பதா
என்று என்னைக் கேட்கிறாள்,
இலக்கணச் சந்தேகம்போல.
ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களைப்
பென்டிரைவில் போட்டுக் காலுறைக்குள் செருகி
எட்டுச் சோதனைச் சாவடி கடந்தவள்.
ஐந்தாவது கையெழுத்துப் பிரதி.
மேசை இழுப்பறையில் இருக்கிறது,
மேசை இருந்தால்.

மைத்தாவுக்கு இரண்டு வரியே தாராளம்.
"ஊர் ராஸ் அல் கைமா.
எங்கள் கிணறு உப்பாகிவிட்டது."
லேப்டாப்பை மூடிவிட்டுக்
கரக் சாயா வாங்கக் கிளம்பிவிட்டாள்,
காய்ந்துபோன நூற்றிருபது ஈச்ச மரங்களை
அந்த முற்றுப்புள்ளிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு.

நான்?
பிறந்தது இங்கே, ரோலாவின் பின்தெருவில்.
பாஸ்போர்ட் மதுரை என்கிறது.
அப்பா அஜ்மானில் மொட்டைமாடித்
தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி
அடியில் படிந்ததைச் சுரண்டி எடுக்கிறார்.
உதவித்தொகை விண்ணப்பத்தில்
தந்தையின் தொழில்: நீர் மேலாண்மை
என்று எழுதியவள் நான்.
பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

என்னம்மா ஆராய்ச்சி என்று ஒருநாள் கேட்டார்.
சவ்வில் அழுக்கு எப்படிப் படிகிறது,
எப்படி எடுப்பது என்றேன்.
"அட, நம்ம வேலைதான்" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
அதற்கு இரண்டு வரி போதாது.

மணி இரண்டு. மாதிரி ஏழு.
பின்னணி கழித்த பிறகும்
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பதில்
சின்னதாய் ஒரு முகடு.
இந்தச் சவ்வில் அது இருக்க நியாயமே இல்லை.
மறுபடி அளந்தேன்.
கொஞ்சம் வளர்ந்திருந்தது.

இப்திஹால் எட்டிப் பார்த்தாள்.
"அது நீதான்.
மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
இப்படிப் பெருமூச்சு விட்டால்
கருவி பாவம், என்ன செய்யும்?"
கரியமில வாயு.
மூன்று காகிதக் கோப்பைகளோடு வந்த மைத்தா
"நானும் இருக்கிறேனா அதில்?" என்று குனிந்தாள்.
திரையில் முகடு இன்னும் ஒரு விரற்கடை எழும்பியது.

நைட்ரஜனைத் திறந்துவிட்டுப்
பத்து நிமிடம் தள்ளி நின்றால் போய்விடும்.
நின்றோம். போய்விட்டது.
சுத்தமான வரைபடத்தைச் சேமித்தேன்.
மற்றதையும் சேமித்தேன்,
மாதிரி ஏழு, கெட்டது என்ற பெயரில்.

பிறகு படிவத்தைத் திறந்து
முதல் வரி எழுதினேன்:
அப்பா அஜ்மானில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்.
இரண்டாவதற்குள்
அழுத்தம் ஐம்பத்தொன்றுக்கு இறங்கி
அலாரம் அலறியது.
யார் முறை என்று பார்க்காமல் மூவரும் ஓடினோம்.
ஒரு வளையம் கசிந்திருந்தது.
முறுக்கி, துடைத்து, மறுபடி ஐம்பத்தைந்து.

திரும்பி வந்தபோது
சாயாவின் மேல்
ஆடை படிந்திருந்தது.