ஆழம் எங்கே

அந்த வரைபடத்தில் ஆற்றுக்கு
நீலம் அடித்தவன் நான்தான்.
ஆழ்வார்பேட்டை, மூன்றாவது மாடி,
ஏசி பதினெட்டில்.
கணினிக்குள் ஆயிரம் நீலம் கிடக்கிறது.
"கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒண்ணு போடுப்பா"
என்றார் மேலாளர்.
போட்டேன்.

கரையோரம் நாற்பத்திரண்டு விளக்குக் கம்பம் நட்டேன்.
கல் பெஞ்சு, செல்ஃபி எடுக்க ஒரு இதயம்.
நடைபாதை வெறிச்சென்று இருந்ததால்
நான்கு பேரை வெட்டி ஒட்டினேன்.
அதில் ஒருத்தி பிடித்திருந்த நாய்
எண்ணூரில் ஒருநாள் தாங்காது.

தண்டையார்பேட்டையில் பிறந்தவன் நான்.
அந்த ஆற்றுப் பாலத்தை
மூக்கைப் பொத்திக்கொண்டே கடந்தவன்.
இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆத்துமுனைக்குப்பம் சமுதாயக் கூடத்தில்
திரையைக் கட்டி, படத்தை ஓட்டியபோது
கரண்ட் போனது.
சன்னல் வழியே மூன்று புகைபோக்கிகள்
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.
யாரோ சிரித்தார்கள்,
பிறகு எல்லோரும்.

இருட்டில்தான் சொரூபராணி கேட்டாள்:
"நீளம் போட்டிருக்கீங்க.
அகலம் போட்டிருக்கீங்க.
ஆழம் எங்க?"

மேலாளர் தொண்டையைச் செருமினார்.
அது வேறு துறை என்றார்.

மறுநாள் தேசப்பன் படகில் என்னை ஏற்றினார்.
நடு ஆற்றில் மோட்டாரை நிறுத்திவிட்டு
லுங்கியை மடித்துக் கட்டி
சும்மா இறங்கி நின்றார்,
வாசல்படி இறங்குவதுபோல.
தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை.
"இங்க முன்னாடி மூணு ஆள் மட்டம்.
எங்கண்ணன் முழுகி மண்ணு எடுத்துக் காட்டுவான்."

நானும் இறங்கினேன்.
காலடியில் மாவு மாதிரி ஒன்று
விரலிடுக்கில் ஏறியது.
"சாம்பலு. அனல்மின் நிலையத்துக் குழா உடைஞ்சு உடைஞ்சு வந்தது.
நெத்தியில பூச முடியாத திருநீறு."

வீடு திரும்பும் பேருந்தில்
பேண்ட் காய்ந்து வெளுத்து
பக்கத்துச் சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு இரவு ஒன்பதரைக்கு
சொரூபராணியின் போன் வரும்.
மூங்கில் கழியில் அடிக்கணக்கு கீறி
பெண்கள் அளக்க ஆரம்பித்திருந்தார்கள்.
"ரயில் பாலத்துக்குக் கெழக்க, ஒண்ணேகால்.
சுடுதண்ணி விடுற வாய்க்கால்கிட்ட, முக்கால்.
கோயில் தொறைக்கு எதிர, கழி நிக்கல,
சேறு, சேறுன்னே எழுது."
எழுதினேன்.
எண் விழுந்த இடமெல்லாம்
நீலத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம் போட்டேன்.
இருபது நாளில் படத்தில் ஆறு காணாமல் போனது.
விளக்குக் கம்பங்கள்
எதையோ தொலைத்தவர்கள்போலக்
கரையில் நின்றன.

மேலாளர் திட்டினார். சரிதான்.
ஆனால் அந்தத் தாளைத்தான்
ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்டு
எங்கெங்கோ தூக்கிப் போனது.
எத்தனை மேசை, எத்தனை "நாளைக்கு வாங்க",
எனக்குத் தெரியாது.
ஒன்பது மாதம் கழித்து
துருப்பிடித்த தூர்வாரும் எந்திரம் ஒன்று வந்தது.
ஐந்து நாள் ஓடி, ஆறாம் நாள் பழுதாகி,
ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்துக்கொண்டு
மறுபடி ஓடியது.

நேற்று இரவு போன்.
பின்னால் காற்றும், யாரோ கத்துவதும்.
"முகத்துவாரம் தாண்டி, ஏழு.
கேட்டியா, ஏழு அடி.
கழி போய்க்கினே இருக்கு.
மடவை துள்ளுது, சத்தம் கேக்குதா?"
எனக்குக் காற்றுதான் கேட்டது.
கேட்கிறது என்றேன்.

ஆயிரம் நீலத்தில் தேடினேன்.
கடைசியில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இல்லாத,
கொஞ்சம் பச்சை கலந்த,
கலங்கிய ஒன்று.
நகக்கண் அளவு இடம்.
அதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள்:
"நம்பரெல்லாம் அப்புறம்.
அந்த எந்திரத்துக்கு நாளைக்கு டீசல்
யாரு போடுறதாம்?
அத மொதல்ல கேட்டுச் சொல்லு."