இடது பாதி

சில்வா ஏரிக்கரைப் பள்ளியில்
ஐந்தாம் வகுப்புக்குக் கரும்பலகை ஒன்றுதான்,
அதிலும் மேல்மூலை உடைசல்.
தேர்தல் இரவு அதன் இடது பாதியில்
என் கையால் எழுதினேன்:
412.
187.
செல்லாதவை 9.

செல்லாத ஒன்பதில் ஒன்றில்
யாரோ மீன் வரைந்திருந்தார்கள்,
செதில்கூட விடாமல்.
விளக்கடியில் தூக்கிக் காட்டியபோது
இரண்டு கட்சி முகவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.
அப்புறம் பல மாதம்
சேர்ந்து சிரிக்க ஒன்றும் வாய்க்கவில்லை.

மாவட்ட அலுவலகம் போய்ச் சேர்ந்த தாளில்
412 இருந்த இடத்தில் வெள்ளை மை காய்ந்து மேடிட்டிருந்தது.
மேட்டின் மேல் 142.

நான் கணக்கு டீச்சர்.
இலக்கம் இடம் மாறுவது எனக்குப் புதிதல்ல,
பிள்ளைகள் தினமும் செய்வதுதான்.
ஆனால் அவர்கள் பூசி மெழுகுவதில்லை.
அடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு
மறுபடி எழுதுவார்கள்.

பலகையை அழிக்காதீர்கள் என்று
முதலில் சொன்னவர் லிம்பிகானி.
நூற்று எண்பத்தேழின் முகவர்.
"வீடு வீடாக நடந்து கேட்டு வாங்கிய ஓட்டு அது, டீச்சர்.
பக்கத்து எண் பொய்யென்றால்
என் எண்ணை எவன் நம்புவான்?"

வலது பாதியில் வகுத்தல் நடத்தினேன்.
பிள்ளைகள் பொடி எழுத்து பழகினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெயிண்ட் வந்தது.
பத்து வருஷம் கேட்டும் வராத கறுப்புப் பெயிண்ட்,
தூரிகை, ஆள், கடிதம் எல்லாமாக.
இரண்டு மாதச் சம்பளம் நிலுவையிலிருந்த
கான்ஸ்டபிள் ஃபைசன்
கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
"இதில் முத்திரை இல்லையே.
வாங்கி வாங்க, நானே அடித்துத் தருகிறேன்."
முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு
எழுத்தர் தியாமிகே சாப்பிடப் போயிருந்தாள்.
அந்தச் சாப்பாடு மறுநாள் மாலை வரை நீண்டது.
அதற்குள் நீதிமன்றத் தடை வந்துவிட்டது,
முத்திரையோடு.

மழைக்காலத்தில் கூரை ஒழுகியது.
மீன்பிடிக்கிறவர்கள் உரச்சாக்குகளைத் தைத்துக்கொண்டுவந்து
எண்களுக்கு மேல் கட்டினார்கள்.
எனக்குத் தலை நனைந்தது.

லிலோங்வேயில் கூண்டில் நின்றபோது
ஜனநாயகம் என்று ஏதோ சொல்ல நினைத்திருந்தேன்.
வாய் உலர்ந்துவிட்டது.
"சாக்பீஸால் எழுதினேன். முதல் இலக்கம் நான்கு."
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"திருமதி தோகொசிரே, நீங்களே கூட்டிச் சொல்லுங்கள்."
தாளின்படி முந்நூற்று முப்பத்தெட்டு.
பதிவேட்டில் பெருவிரல் மை வைத்தவர்கள் அறுநூற்று எட்டு.
"மீதி இருநூற்று எழுபது பேர்
ஏரிக்குள் இறங்கிப் போனார்களா?"
அவர் கேட்டது என்னையல்ல.
எதிர்வரிசைக் கறுப்பு அங்கிகள்
காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தன.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.
தீர்ப்பு வந்த இரவு
லிம்பிகானியின் சைக்கிளை எரித்தார்கள்,
அவர் கட்சிக்காரர்களே.
தியாமிகேவை வடக்கே எங்கோ மாற்றினார்கள்.
கடிதம் எழுதுவாள் என்று பார்க்கிறேன்.

மறுதேர்தலுக்கு முன்தினம் பலகையைத் துடைத்தேன்.
ஒன்பது மாதச் சாக்பீஸ், போக மறுத்தது.
ஈரத்துணி, எலுமிச்சை, மணல்.
காய்ந்ததும் நான்கு மறுபடி தெரிந்தது,
தழும்பு மாதிரி.
சரி, இருக்கட்டும்.

இரவு அதே விளக்கு. லிம்பிகானி நடந்தே வந்திருந்தார்.
தழும்பின் மேலேயே புது எண்களை எழுதினேன்.
செல்லாதவை ஏழு.
ஏழில் ஒன்று மீன்.
இந்த முறை அதற்குக் கண் வைத்திருந்தார்கள்.

லிம்பிகானி சிரிக்கவில்லை.
தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
"செல்லாது" என்றார்.
எழுதிக்கொண்டேன்.