எண்ணிக்கை நோட்டு

மேல்விஷாரத்து டேனரியில்
சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் எனக்கு வேலை.
மூன்றாம் மாதம், அமுலு
நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
வாந்தி எடுக்க ஓடுவாள்.
இரண்டு சோப்பு, சீயக்காய், எலுமிச்சை மூடி
எதுவும் என் மேலிருந்து ஆட்டை இறக்கவில்லை.
மொட்டைமாடியில் தனியே படுத்தேன்.
ஒருநாள் அவளே மேலே வந்தாள்,
மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு.
"இந்த வாடையிலதான சோறு,
தள்ளிப் படு."

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையம்.
பெஞ்சு முழுக்கப் பெண்கள்.
ஓரத்தில் நான், அரைநாள் கூலி போன கணக்கோடு.
"நீ இன்னாத்துக்குய்யா வந்துகினு கீற?
அவங்க அம்மா இல்ல?"
இல்லை.
இருந்திருந்தால் வந்திருப்பேனா, தெரியாது.

முதல் பிள்ளைக்கு வரவில்லை.
அப்போது டபுள் ஷிப்ட்.
ஏழாம் மாதம்
இரண்டு நாளாக அசையவில்லை என்று அவள் சொன்னது
காதில் விழத்தான் செய்தது.
தூங்குதா இருக்கும் என்றேன்.
நானும் தூங்கினேன்.

துணியில் சுற்றித் தந்தார்கள்.
பாலாற்று மணலில் நானே தோண்டினேன்.
எடை எவ்வளவு என்று கேட்கவில்லை.
பேர் வைக்காததற்கு எடை எதற்கு.

இந்த முறை
தோல் எண்ணிக்கை எழுதும் நோட்டைத் திருப்பிப்போட்டுப்
பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.
முன்னால்: ஆடு நூற்றிருபது, கழிவு ஒன்பது.
பின்னால்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் உதை பதினொன்று.
ரத்தம் எட்டு புள்ளி நாலு.
இரும்பு ஊசி ரெண்டு ஆச்சு, மூணாவது வெள்ளிக்கிழமை.
கால் வீக்கம், இடது, கொஞ்சம்.
அவள் வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பேன்.
சுண்ணாம்பு தின்ற உள்ளங்கை,
லேசான உதை எனக்குத் தெரியாது.
"இப்போ" என்பாள்.
எழுதுவேன்.

மேஸ்திரி கலீல் பாய் ஒருநாள்
நோட்டைத் தலைகீழாகப் பிரித்துவிட்டார்.
"டேய் பிச்சாண்டி, இன்னாடா இது, உதை ஏழு?
யாரு யாரை உதைச்சா?"
சிரிப்பு தொட்டிவரை போய் வந்தது.
மறுநாள் ஒரு பொட்டலம் பேரீச்சையை
என் டிபன் கேரியர் மேல் வைத்துவிட்டு
தோலைப் பற்றி மட்டும் பேசினார்.

வலி எடுத்தது ஒரு புதன் ராத்திரி, ஷிப்ட் நடுவில்.
குளிக்காமல் ஓடிவந்தேன்.
நூற்றியெட்டில் வாலாஜா பெரியாஸ்பத்திரி.
அண்ணி உள்ளே போனாள்.
ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று
கதவு சொன்னது, நீல எழுத்தில்.
என் பக்கத்தில் இருந்தவர்கள்
ஒருவர் ஒருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.
வாடை.

ஒரு மணிக்குக் கதவு அரையாகத் திறந்தது.
"யாருய்யா அமுலு வீட்டுக்காரரு?
கூட வந்த பொம்பளைக்கு ஒண்ணும் தெரியல.
ரத்தம் என்ன குரூப்பு?"
"ஓ நெகட்டிவ்."
"அதுக்கு ஊசி?"
"இருபத்தெட்டாவது வாரம் போட்டாச்சு, அடுக்கம்பாறைல."
"கடைசியா எப்போ அசைஞ்சுது?"
"எட்டரைக்கு. போன் பண்ணிக் கேட்டேன். நாலு."
அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.
"அந்த நோட்டைக் குடு."

நோட்டு உள்ளே போனது.
நான் போகவில்லை.

அப்புறம் எண்ண ஒன்றுமில்லை.
டியூப்லைட்டைச் சுற்றின பூச்சிகளை எண்ணினேன்.
உள்ளே அவள் கத்துவது கேட்டது,
பிறகு கேட்கவில்லை.
கேட்காததுதான் பெரிய சத்தம்.

விடியும்போது நோட்டு திரும்பி வந்தது.
அவசரத்தில் முன்பக்கத்தில் எழுதியிருந்தார்கள்,
ஆடு நூற்றுப்பத்து, கழிவு நாலு என்பதற்குக் கீழே:
பெண். 4.50. இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது.
படித்தேன்.
அந்தக் கிலோவைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வார்டில் அமுலு கண்ணைத் திறக்காமலே கேட்டாள்,
"குளிச்சியா?"
"இல்ல."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"சரி, தூக்கு."